கதவில் தொங்கிய மஞ்சள் அட்டை

2011ஆம் ஆண்டு, ஜூலை மாதக் கடைசி. ஊரில் ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கும் நேரம். இங்கே சிட்னியில் எலும்பைக் குடைகிற குளிர். நார்த்மீட் பகுதியில் உள்ள ஓர் ஓய்வுக் குடியிருப்பில், ஆறாம் எண் வீட்டில் நான் தனியாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை, என்னுடைய அற்ப ஆசை ஒன்றால் ஓர் உயிர் போகப் பார்த்தது. இதை என் வாயால் இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நாலாவது.

ஓய்வுக் குடியிருப்பு என்றதும் முதியோர் இல்லம் என்று நினைத்து யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். என் வீடு, என் சாவி, என் சமையல். சின்னச் சின்ன வீடுகளாக நாற்பது வீடுகள், வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான் இங்கே குடியிருக்கலாம். என்னை யாரும் கொண்டுவந்து தள்ளவில்லை. நானேதான் ஆசைப்பட்டு வந்தேன்.

திருச்சியில் தொலைபேசி நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் ஆபரேட்டராக இருந்தவள் நான். காதில் ஹெட்செட், வாயில் ஓயாத பேச்சு. ஓய்வு பெற்றபின் நானும் கணவரும் சிட்னியில் இருந்த ஒரே மகனிடம் வந்து சேர்ந்தோம். வந்த மூன்றாம் வருடம் கணவர் போய்விட்டார். அடுத்த வருடமே மகனுக்கு மெல்பர்னுக்கு வேலை மாறியது. கிளேட்டனில் வீடு பார்த்துவிட்டு, "நீயும் கிளம்பும்மா" என்றான். எனக்கு மனம் வரவில்லை. அங்கேயும் காலை எட்டு மணிக்கு எல்லாரும் வெளியே போனால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். நடுவில் நானும் ஃபிரிட்ஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தச் சமயம் பார்த்து இந்தக் குடியிருப்பின் வழவழப்பான விளம்பரப் புத்தகம் தபாலில் வந்தது.

அதில் இல்லாத வசதி இல்லை. பல்பு போய்விட்டால் ஒரு போன் போதும், ஏணியோடு ஆள் வருவார். செவ்வாயும் வெள்ளியும் கடைக்குப் போக பஸ். டிரைவரே பைகளைத் தூக்கிவந்து சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போவார். வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார். மாதம் ஒருமுறை கால் நகம் வெட்டிவிடக்கூட ஒருவர் வருவார். இதை ஊரில் என் தங்கையிடம் சொன்னபோது, "மகாராணிதான் போ" என்று சிரித்தாள்.

சேரும்போது மகன் ஒரு படிவத்தை நிரப்பினான். எந்தெந்த வசதி வேண்டும், வேண்டாம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: வாரம் ஒருமுறை வந்து பேசிக்கொண்டிருக்க யாராவது வேண்டுமா? மகன் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "எனக்கு எதுக்குடா அதெல்லாம்? பேசிப் பேசியே பென்ஷன் வாங்கினவ நான்" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே 'வேண்டாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டான்.

வந்த இரண்டே மாதத்தில் புரிந்துவிட்டது. எல்லாரும் நல்லவர்கள். பார்த்தால் சிரிப்பார்கள். இன்று நல்ல குளிர் என்பார்கள், ஆமாம் நல்ல குளிர் என்பேன். அதோடு சரி. எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் இங்கே உள்ளவர்கள் பேசுகிற வேகத்தில் பாதிதான் காதில் ஏறும். ஒரு வாரம் முழுக்க ஒரு தமிழ் வார்த்தைகூட வாயிலிருந்து வெளியே வராத வாரங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்யும்போது தொண்டை கரகரக்கும். "ஜலதோஷமாம்மா?" என்பான். "ஆமாடா, குளிரு" என்பேன். பேசாமல் கிடந்து கட்டிக்கொண்ட தொண்டை அது என்று மகனிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்தில், ஏழாம் எண் வீட்டில் ஓர் ஆஸ்திரேலிய அம்மாள். எண்பதைத் தாண்டியவர், அவரும் தனிதான். நான் வந்த முதல் வாரம் ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய, எலுமிச்சையும் வெண்ணெயும் போட்டுக் காய்ச்சிய தித்திப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லையே! கழுவித் துடைத்து, தேன்குழல் போட்டுக் கொடுத்தேன். அவர் அதில் பிஸ்கட் போட்டு அனுப்பினார். நான் ரிப்பன் பக்கோடா போட்டேன். இப்படியே இரண்டு வருடமாக அந்த பாட்டில் இரண்டு வாசலுக்கும் நடையாய் நடந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் வீட்டு ரேடியோ தினமும் காலை ஆறரைக்குச் சுவர் வழியாகக் கேட்கத் தொடங்கும். அதுதான் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்த நடப்பு.

இனி அட்டை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம். ராத்திரி படுக்கப் போகும்முன் ஒவ்வொருவரும் வாசல் கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். அட்டை உள்ளே போய்விட்டால், அந்த வீட்டுக்காரர் எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். ஒன்பது மணிக்கு ஒரு பணியாளர் வரிசையாக நடந்து பார்ப்பார். எந்தக் கதவில் அட்டை இன்னும் தொங்குகிறதோ அந்தக் கதவைத் தட்டுவார். பதில் வராவிட்டால் தன்னிடம் உள்ள சாவியைப் போட்டுத் திறப்பார். அவசரத்துக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தானும் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் அதைக் கழற்றி எங்காவது மாட்டிவிடுவதால் இந்த அட்டை ஏற்பாடு.

2011 தொடக்கத்தில் அந்தக் காலை நேர வேலைக்கு ஒரு பெண் புதிதாக வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையில் முக்காடு. மன்னாரில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம் பெண். ஒருநாள் நான் உண்மையாகவே அட்டையை எடுக்க மறந்துவிட்டேன். கதவு தட்டப்பட்டது. நான் குளியலறையிலிருந்து, "இதோ வர்றேன், வர்றேன்" என்று என்னையறியாமல் தமிழில் கத்தினேன். வெளியிலிருந்து பதில் வந்தது. "ஓம் அன்ரி, ஆறுதலா வாங்க. விழுந்திடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையில் துண்டோடு ஓடிவந்து கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் நின்றபடியே பேசினோம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வந்து எத்தனை வருஷம் என்ற சாதாரணப் பேச்சுதான். அவர் போனபிறகு அன்றைக்கு முழுவதும் நான் எனக்கு நானே பேசிக்கொண்டு வளைய வந்தேன்.

மறுநாள் அட்டையைச் சரியான நேரத்துக்கு எடுத்துவிட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நாற்பது கதவையும் பார்க்க வேண்டும், பிறகு அலுவலக வேலை. அவருக்கு நிற்க ஏது நேரம்? அதற்கடுத்த நாளும் கையாட்டல்தான். நாலாம் நாள் எட்டே முக்காலுக்கு அட்டையை எடுக்கக் கதவருகே போனேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"என்ன அன்ரி, திரும்பவும் மறந்திட்டீங்களோ?"

"ஆமாம்மா, வயசாகுதுல்ல. உள்ள வாங்க, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை எனக்கு 'மறதி' வந்தது. அது திடீரென்று வருகிற மறதி இல்லை, திட்டம் போட்டு வருகிற மறதி. முந்தின ராத்திரியே உளுந்தை ஊறப்போட்டுவிட்டுத்தான் அட்டையை வெளியே மாட்டுவேன். காலையில் அரைத்து, வடை தட்டி, டிகாஷன் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவர், "எனக்கு இருக்க நேரமில்ல அன்ரி, இன்னும் முப்பது கதவு கிடக்கு" என்பார். ஆனால் உங்கள் குசினியிலிருந்து வருகிற மணத்தைத் தாண்டிப் போக முடியவில்லை என்று சொல்லி, நாற்காலியின் நுனியில் உட்காருவார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் பத்து நாளை ஓட்டுவேன். ஒருநாள் அவரிடம் பேச்சுவாக்கில், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகன் மெல்பர்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான், அதுதான் எனக்குப் பயம் என்றும் சொல்லியிருந்தேன்.

அந்த ஜூலைக் கடைசியில் அப்படி ஒரு வடை நாள். கதவைத் திறந்ததும் அவர், "அடுத்த கிழமை நோன்பு தொடங்குது அன்ரி. பிறகு ஒரு மாதத்துக்கு உங்கட கோப்பியும் இல்ல, வடையும் இல்ல" என்றார். "அப்ப இன்னிக்கு ஒரு மாசத்துக்குச் சேர்த்துச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றேன் நான். உள்ளே ஒரு காலை வைத்தவர் தயங்கினார்.

"ஏழாம் நம்பர் கார்டும் வெளியில தொங்குது அன்ரி. அதை ஒருக்காப் பார்த்துப்போட்டு வாறன்."

போனால் அந்த அம்மாளிடம் நின்று பேச நேரமாகும், அப்படியே அடுத்தடுத்த கதவு என்று போய்விடுவார், திரும்பி வரமாட்டார். வடை ஆறிவிடும். ஒரு மாதம் முழுக்க இல்லை. இவ்வளவும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. பக்கத்து வீட்டு ரேடியோ நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தம்மா எழுந்தாச்சு. ரேடியோ பாடுது, கேக்கல? அட்டையை எடுக்க மறந்திருக்கும். உக்காருங்க, வடை ஆறிடும்" என்றேன்.

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சரி என்று உட்கார்ந்தார். அன்றைக்கு நோன்புக்கு முன் கடைசி வடை நாள் என்பதால் அவரும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். இரண்டாவது டம்ளர் காபியும் குடித்தார். ஏதோ ஒரு பேச்சில் ஏதோ ஒன்றைச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கணவர் போனபின் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நடுவில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அவர் தலையைத் தூக்கி, "என்ன அன்ரி அது?" என்றார். "அந்தம்மா காலைல எதையாவது உருட்டிக்கிட்டுதான் இருக்கும்" என்று நான் இன்னொரு வடையை அவர் தட்டில் வைத்தேன். சத்தம் இன்னும் இரண்டு முறை கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

அவர் எழுந்து போகும்போது ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படுவது கேட்டது. மறுபடியும் தட்டல். பிறகு சாவி திரும்பும் சத்தம். அதன்பின், "அன்ரி! ஓடி வாங்க அன்ரி!"

ஏழாம் எண் அம்மாள் குளியலறைத் தரையில் கிடந்தார். குளிக்கப் போகும்போது வழுக்கியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒரு கால் இருக்கக்கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. உடம்பில் ஒரு துண்டு மட்டும்தான். உதடு நீலமாகிப் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு கையில் ஷாம்பூ பாட்டில். அதை வைத்துத்தான் சுவரைத் தட்டியிருக்கிறார். அவசரப் பொத்தான் படுக்கையறையில் கட்டில் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோ யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அது ஆறரை மணிக்குத் தானாகவே பாடும்படி முடுக்கி வைத்த ரேடியோ என்று அப்போதுதான் தெரிந்தது.

காலை நேரப் பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நான் என் வீட்டுக்கு ஓடி, இரண்டு ரஜாயைக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தி, தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துத் தேய்த்தேன். கை ஐஸாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வந்த ஆம்புலன்ஸ்காரர், ஏழு மணியிலிருந்தே இப்படிக் கிடந்திருக்கிறார், உடம்புச் சூடு மிகவும் இறங்கிவிட்டது, இந்த வயதில் இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அந்தக் 'கொஞ்ச நேரம்' என் வீட்டு டம்ளரில் நுரைத்துக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிக்கொண்டு வண்டி போனது.

அன்று மதியம் காலை நேரப் பெண்ணை அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனோம் என்று அவர் ஒரு தாளில் எழுத வேண்டும். ஆறாம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் நடுவில் அரை மணிக்கும் மேல். வெளியே வந்தவர் என் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். கண் சிவந்திருந்தது.

"நான்தான் இருந்து கதைச்சனான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்க ஒண்டும் சொல்லாதீங்க அன்ரி. பிறகு உங்கட மகனுக்குச் சொல்லுவாங்க. அவர் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவார்."

"வேலைக்கு ஏதாவது ஆகுமாம்மா?"

"பார்ப்பம். அல்லாஹ் இருக்கிறான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. "சரிம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்தியவளும் நான்தான்.

அன்று மாலை முழுக்க எனக்கு என் பழைய ஹெட்செட்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேசுகிற டிரங்க் லைன் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். யாராவது அரட்டை அடித்துக்கொண்டு லைனைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம், அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று யாராவது அவசர அழைப்புப் போட்டுவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே புகுந்து, "சார், எமர்ஜென்சி, லைனை விடுங்க" என்பேன். விடாதவர்களை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! மனுஷனா நீ என்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஏழாம் எண் அம்மாளுக்கும் வெளி உலகத்துக்கும் அன்று காலை இருந்த ஒரே லைன் அந்தப் பெண்தான். அதை வடையைக் காட்டிப் பிடித்து வைத்துக்கொண்டவள் நான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே அட்டையை உள்ளே எடுத்தேன். அலுவலகம் திறந்ததும் மேலாளர் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை ராத்திரியே ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். நான் மறக்கவில்லை, வேண்டுமென்றே அட்டையை எடுக்காமல் விட்டேன், பலமுறை விட்டேன். அவர் ஏழாம் எண்ணுக்குப் போகிறேன் என்றார், நான்தான் தடுத்தேன். தட்டும் சத்தம் கேட்டபோதும் நான்தான் ஒன்றுமில்லை என்றேன். மனப்பாடம் செய்தது பாதியில் மறந்துபோய் அழுகைதான் வந்தது.

மேலாளர் அம்மா என் ஃபைலை எடுத்தார். எனக்கு மறதி அடிக்கடி வருவதாகப் பதிவாகியிருப்பதால், மறதி நோய் தொடங்குகிறதோ என்று மகனுக்கு எழுதுவதாக இருந்தார்களாம். நான் எந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேனோ, அதற்கு நானே மாதக்கணக்கில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு அவர் ஃபைலின் கடைசித் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். பேசிக்கொண்டிருக்க யாராவது வேண்டுமா என்ற அந்தக் கட்டம். மகன் சிரித்துக்கொண்டே போட்ட கோடு அப்படியே இருந்தது. கேட்டிருந்தால் ஆள் அனுப்பியிருப்போமே, இதற்காகத்தானே இது இருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகனுக்கும் அன்றே போன் செய்தேன். மேலாளர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டான். உடனே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். கொஞ்ச நாள் தினமும் போன் செய்தான். பிறகு பழையபடி ஞாயிற்றுக்கிழமை.

காலை நேரப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அதே நிர்வாகத்தின் வேறொரு குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். நோன்பு மாதத்தின் நடுவில் ஒருநாள் சொல்லிக்கொண்டு போக வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "ரூல் எனக்குத்தானே அன்ரி தெரியும். முதல்ல எல்லாக் கதவையும் தட்டிப்போட்டுத்தான் இருக்கோணும். எனக்கும் உங்களோட கதைக்கிறது தேவையா இருந்திச்சு" என்றார். உள்ளே வரவில்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, நோன்பு. "போட்டு வாறன் அன்ரி" என்றார். நான் "போயிட்டு வாங்க" என்றேன். அதன்பின் அந்த வாசலில் யாரும் தமிழ் பேசவில்லை.

ஏழாம் எண் அம்மாளைப் பார்க்கப் போக எனக்கு மூன்று வாரம் தைரியம் வரவில்லை. அந்தக் கண்ணாடி பாட்டில் அப்போது என் முறையில், என் வீட்டில்தான் இருந்தது. ஒருநாள் அதில் தேன்குழல் நிரப்பி எடுத்துக்கொண்டு வெஸ்ட்மீடுக்குப் பஸ் ஏறினேன். அறுவை சிகிச்சை முடிந்து, ஜன்னலோரக் கட்டிலில் பாதியாக இளைத்துப் படுத்திருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டை, வடை, ரேடியோ, நான் சொன்ன பொய், நான் கேட்டும் கேட்காமல் விட்ட அந்தத் தட்டல், எல்லாம்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நீங்கள் இருவரும் சிரித்தது எனக்குக் கேட்டது."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ரொம்பப் பலமாகச் சிரித்தீர்கள். தட்டித் தட்டிக் கை சோர்ந்துபோன பிறகு அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அப்படி என்ன சிரிப்பு?"

குத்திக் காட்டுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இரண்டு வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் யோசித்தேன். நோன்பைப் பற்றியா, என் மகனைப் பற்றியா, அந்தப் பெண்ணின் மாமியாரைப் பற்றியா? எவ்வளவு முயன்றும் நினைவு வரவில்லை. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில், "மறந்துவிட்டது" என்றேன். அன்றைக்கு அது உண்மையான மறதி.

"பரவாயில்லை. ஞாபகம் வந்தால் வந்து சொல்லுங்கள்" என்று என் கையைத் தட்டினார்.

அவர் ஏழாம் எண்ணுக்குத் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, தொலைவில் இருந்த அவருடைய மகளின் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். மறு வருடம் அங்கேயே காலமானார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பாட்டிலும் அவரோடு போய்விட்டது. கேள்விதான் என்னிடம் இருக்கிறது.

இப்போது வாரம் ஒருமுறை ஒரு பெண்மணி என்னிடம் பேச வருகிறார். தமிழ் தெரியாதவர். என் ஆங்கிலம் கொஞ்சம் தேறியிருக்கிறது. ஏழாம் எண்ணில் ஒரு வயதானவர் குடியிருக்கிறார். அவர் வந்த அன்றே கதவைத் தட்டி, உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டுவிட்டேன். வடை அவருக்குக் காரம், ஆனாலும் தின்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கே என் அட்டையை உள்ளே எடுத்துவிடுகிறேன், அவர் கதவிலும் எடுத்தாயிற்றா என்று எட்டிப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் நினைத்துக்கொள்கிறேன்: தனிமை எனக்கு மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் அது தட்டிக்கொண்டே இருந்தபோது, எதற்கென்றுகூட நினைவில்லாத ஒரு சிரிப்பில் எனக்கு அது கேட்காமல் போய்விட்டது.